சோபா மேல் ஒரு விரிப்பு

பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டில் என்ன செய்கிறோம்? கிழிந்த சோபா மேல் புது விரிப்பு போடுகிறோம். மாப்பிள்ளை வீட்டார் மட்டும் என்னவாம்? வழுக்கை தெரியாத போட்டோவாகத்தான் பார்த்து அனுப்பியிருப்பார்கள். இதெல்லாம் பொய்யா? 'சேச்சே, இதுக்குப் போய் பொய்னு பெரிய வார்த்தை எதுக்கு' என்பீர்கள். நானும் அதையேதான் சொல்வேன்.

இதே வேலையை ஜனாதிபதித் தேர்தலில் செய்தால்?

அமெரிக்காவில் ரோஜர் எய்ல்ஸ் என்று ஒருவர் இருந்தார். 1967-ல் அவருக்கு வயது 27. ஒரு டி.வி. அரட்டை நிகழ்ச்சியின் தயாரிப்பாளர். விருந்தாளியாக வந்த ரிச்சர்ட் நிக்ஸன், 'ஓட்டு வாங்க இந்த டி.வி. வித்தையெல்லாம் வேண்டியிருக்கே' என்கிற மாதிரி அலுத்துக்கொண்டார். பாவம், 1960-ல் கென்னடியோடு நடந்த டி.வி. விவாதத்தில் வெளிறிப்போன முகத்தோடு நின்று அடிபட்டவர். 'இது வித்தை இல்லை சார், இதைப் புரிஞ்சுக்கலைன்னா மறுபடியும் தோற்பீங்க' என்ற ரீதியில் பையன் பதில் சொன்னான். வேலை கிடைத்துவிட்டது.

1968 பிரசாரத்தில் எய்ல்ஸ் ஸ்டூடியோவில் ஒரு மேடை போட்டார். பொறுக்கியெடுத்த சாதாரண மக்கள் கேள்வி கேட்பார்கள். நிக்ஸன் நின்றபடியே பதில் சொல்வார். சுற்றிலும் கைதட்ட ஆதரவாளர்கள். நிருபர்களுக்கு உள்ளே இடமில்லை. வீட்டில் பார்த்தவர்களுக்கோ, 'மனுஷன் எதையும் நேருக்கு நேர் சந்திக்கிறாரே!' நிக்ஸன் ஜெயித்தார்.

1984-ல் ரீகனுக்கு 73 வயது. முதல் விவாதத்தில் தடுமாறினார். இரண்டாவதற்குத் தயார் செய்ய எய்ல்ஸைக் கூப்பிட்டார்கள். வயதைப் பற்றிக் கேள்வி வந்தபோது, எதிராளியின் இளமையையும் அனுபவமின்மையையும் தேர்தலுக்காக நான் பயன்படுத்தமாட்டேன் என்றார் ரீகன். எதிராளி மாண்டேலே சிரித்துவிட்டார். ஆனால் கேள்வி? அது அப்படியேதான் இருந்தது. சிரிப்பில் எல்லோரும் மறந்துபோனார்கள்.

1996-ல் மர்டாக் ஆரம்பித்த ஃபாக்ஸ் நியூஸுக்குத் தலைவரானார் எய்ல்ஸ். மற்ற சேனல்கள் நம்மை மதிப்பதில்லை என்று குமைந்துகொண்டிருந்த வலதுசாரிகளுக்கு அது சொந்த வீடு மாதிரி ஆனது. சேனலின் அப்போதைய கோஷம், 'நியாயம், சமநிலை'. இதுவும் ஒரு விரிப்புதான், என்ன, கொஞ்சம் பெரிய சைஸ்!

'அவர் தன் தொழிலைச் செய்தார், நம்பினது ஜனங்க தப்பு' என்று நீங்கள் சொல்லலாம். வக்கீல், விளம்பரக்காரர் எல்லோரும் சொல்கிற சமாதானம்தான் இது. பாதி ஒப்புக்கொள்கிறேன். விரிப்பு போடுவது தப்பில்லை. பெண் பார்க்க வந்தவர் சோபாவில் உட்கார்ந்தால் ஸ்பிரிங் குத்தும். நாலு பேரிடம் விசாரிப்பார். கோர்ட்டில் எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து குறுக்கு விசாரணை செய்வார். எய்ல்ஸ் ஸ்டூடியோவில் அப்படி எழுந்து கேட்கக்கூடியவர்களைத்தான் வாசலிலேயே நிறுத்தினார்கள். என் கணக்கில் தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பிறருக்குப் பேசக் கற்றுக்கொடுக்க எய்ல்ஸ் 1988-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதன் தலைப்புக்கு, 'நீங்கள்தான் செய்தி' என்று அர்த்தம். 2016 ஜூலையில் அவரிடம் வேலை பார்த்த செய்தி வாசிப்பாளர் கிரெட்சன் கார்ல்சன் பாலியல் தொல்லை வழக்குப் போட்டார். இன்னும் பல பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். எய்ல்ஸ் மறுத்தார். ஆனாலும் அதே மாதம் பதவி போனது. மறு வருடம் இறந்துபோனார்.

அடுத்த முறை டி.வி.யில் ஒரு தலைவர் ஜோக் அடித்தால் தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும், கேட்ட கேள்வி என்ன என்று மட்டும் ஒரு தடவை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்.