குடிக்கு அடிமையானவன்: நோயாளியா, பாவியா?

ஜும்ஆ தொழுகைக்குப் பின் ஒரு பெரியவர் நம்மைத் தனியே அழைத்தார். "ஹஜ்ரத்! என் மகனால் குடியை விட முடியவில்லை. மூளையே மாறிவிட்டது, இது நோய் என்கிறார் டாக்டர். நோய் என்றால் பாவம் எப்படி வரும்?" என்று கேட்டார்.

டாக்டர் சொன்னது பொய்யன்று. உண்பதிலும் உறவிலும் மகிழ்ச்சி உண்டாகும்படி அல்லாஹுத்தஆலா மூளையில் ஓர் ஏற்பாட்டை வைத்துள்ளான். டோப்பமின் என்னும் பொருள் அதில் வேலை செய்கிறது. மதுவும் அபினும் அதை அளவு மீறித் தூண்டுகின்றன. நாளடைவில் அந்த ஏற்பாடு மந்தமாகிப் பிள்ளையின் சிரிப்புகூட இனிப்பதில்லை. ஆசைக்குக் கடிவாளமிடும் முன்மூளையும் தளர்கிறது. முன்பு இன்பத்திற்காகக் குடித்தவன், இப்போது கைநடுக்கம் நிற்பதற்காகக் குடிக்கிறான்.

இதைக் கொண்டு அவனைப் பைத்தியக்காரனோடு சேர்த்து, பொறுப்பிலிருந்து விடுவித்துவிட முடியுமா? முடியாது என்றே நாம் கருதுகிறோம். சம்பள நாள் எது, கடை மூடும் நேரம் எது என்பதெல்லாம் அவனுக்கு நன்றாகத் தெரியும்! வியட்நாமில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஹெராயின் முதலியவற்றுக்கு அடிமையாகியிருந்தனர். 1971-ல் நாடு திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற அம்மையார் ஆராய்ந்தார். அடிமையாயிருந்தவர்களில் முதலாண்டில் மீண்டும் அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவே. இடமும் கூட்டாளிகளும் மாறியதும் பெரும்பாலோர் மீண்டுவிட்டனர். நூறு கொலை செய்துவிட்டுத் தவ்பாவைத் தேடியவனுக்கு, அந்த ஊரைவிட்டு நல்லோர் வாழும் ஊருக்குப் போ என்று ஓர் ஆலிம் வழிகாட்டியதாக வரும் ஹதீஸ் நமக்கு நினைவு வருகிறது.

ஆகவே ஆசை எழுவது அவன் கையில் இல்லாதிருக்கலாம்; எந்தத் தெரு வழியே வீடு திரும்புவது என்பது அவன் கையில் இருக்கிறது. வைத்தியத்திற்குச் செல்வதும் அப்படியே. முதல் கோப்பைக்கோ அவன் முழுப் பொறுப்பாளி.

நம் முன்னோர் இந்த நோயை அறியாதவர்களல்லர். ஹிஜ்ரி 10-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷாபிஈ இமாம் இப்னு ஹஜர் ஹைத்தமி (ரஹ்) அவர்களிடம், அபின் தின்னாவிட்டால் உயிரே போய்விடும் நிலையிலுள்ளவனைப் பற்றிக் கேட்கப்பட்டது. அது உறுதியாகத் தெரிந்தால், நிர்ப்பந்தத்திற்கு ஆளானவன் செத்த பிராணியை உண்பது போல அவன் அதை உண்ண வேண்டும். ஆனால் சிறுகச் சிறுகக் குறைத்து விட்டுவிடுவதும் கடமை என்று தீர்ப்பளித்தார்கள். அவர்கள் அதை இரைப்பையின் பழக்கம் என்றார்கள். இன்று மூளை என்கிறோம். அரைப் புட்டிக்கு ஃபத்வா தேடுவோர் இதைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவன் திடீரென நிறுத்தினால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பது மெய்தான். ஆனால் அதைத் தடுக்கும் மருந்துகள் இன்று மருத்துவமனையில் உள்ளன. அவனைச் சத்தியம் வாங்கி அறையில் பூட்டிவைப்பது வைத்தியமாகாது.

வீட்டில் மகனோடு யாரும் பேசுவதில்லை, சாப்பாடும் திண்ணையில்தான் என்றார் பெரியவர். குடித்ததற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஒருவரைத் தோழர் ஒருவர் சபித்தபோது, சபிக்காதீர், அவர் அல்லாஹ்வையும் ரஸூலையும் நேசிப்பவர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததை அவருக்குச் சொன்னோம். அவர்கள் தண்டனையை நிறுத்தவுமில்லை. அவரை ஜமாஅத்திலிருந்து தள்ளவுமில்லை. முதலில் மகனை உள்ளே அழைத்து உங்கள் பக்கத்தில் உட்கார்த்திச் சோறு போடுங்கள், மறுநாள் காலையில் டாக்டரிடம் நீங்களே கூட்டிப்போங்கள் என்றோம்.