முதல் அம்பு

காட்டு முயலை வீழ்த்திய அம்பைவிட, யானைமேல் எறிந்து தவறிய வேலை ஏந்துவது இனிது என்கிறது 772-ஆம் குறள். பெரிய நாவல் எழுதித் தோற்றவர்களை நாம் தேற்றுவது இதைச் சொல்லித்தான்.

பெரம்பலூரில் பாசிமணி வியாபாரத்துக்குக் கடன் கேட்டு என் கவுண்டருக்கு வந்த நரிக்குறவப் பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. சிறுவயதில் அப்பாவோடு வேட்டைக்குப் போனவர். வில்லில்லை, நாட்டுத் துப்பாக்கி. ஆனாலும் மறுபடி மருந்து போட்டு இடிப்பதற்குள் காடு காலியாகிவிடும். “தப்பினா போவட்டும் சாமி. பட்டும் விழாம ஓடுச்சுன்னாதான், ரத்தத்தப் பாத்துக்கிட்டே பின்னால போவணும். இருட்டுனாலும் போவணும்.” நிச்சயப்படாத நாட்களில் அப்பா சுடாமலே திரும்பிவிடுவாராம்.

தவறிய வேலின் இனிமை எறிந்தவனுக்கு மட்டும்தான் என்று படுகிறது. புறநானூறு 152-இல் வன்பரணர், கொல்லிமலை ஓரியின் ஒரே அம்பை யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்திலும் பாய்ச்சுகிறார். மிகைதான். ஆனால் காயத்தோடு தப்பி ஓடிய மிருகம் அதில் ஒன்றுகூட இல்லை.

அரியலூர் இளைஞர் ஒருவரின் முதல் கவிதைத் தொகுப்புக்கு ஒரே மாலையில் மதிப்புரை எழுதினேன். குறி என்னவோ யானைதான்: தமிழ்க் கவிதையின் சோம்பல். அவர் அப்புறம் எழுதவில்லை. அரியலூர் ஒரு மணி நேரப் பஸ். நான் போகவில்லை.