எங்கே போகிறது?

எங்கள் வீட்டில் துவரம்பருப்பு வேகாமற்போன ஒரு நாளில்தான் இந்தச் சிந்தனை தொடங்கியது. அரிசி வெந்தது, காய் வெந்தது, பருப்பு மட்டும் குக்கரில் ஆறு விசில் ஊதிய பிறகும் விறைத்துக்கொண்டு நின்றது. குற்றவாளி பருப்புதான் என்று தீர்மானித்து, மளிகைக் கடைக்காரரோடு சண்டைக்குப் புறப்பட்டேன். "கடைக்காரர் என்ன செய்வார்? தண்ணியைப் பாருங்க" என்றாள் என் மனைவி.

பார்த்தேன். அதுவரை பார்க்காமல் இருந்ததெல்லாம் அப்போதுதான் கண்ணில் பட்டது. குழாய் முனைகளில் வெள்ளை பூத்திருந்தது. வெந்நீர் போடும் கம்பியைச் சுற்றிச் சுண்ணாம்பு ஓடு கட்டியிருந்தது. சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகத் திரண்டு வாளியில் மிதந்தது. தலைக்குக் குளித்துவிட்டு வந்த என் மகளின் கூந்தல் தென்னை நார்போல் நின்றது. சென்னையின் தெற்குப் புறநகருக்கு நாங்கள் குடிவந்து இரண்டு வருஷங்கள் ஆகியிருந்தன. ஆழ்துளைக் கிணறுதான் எங்களுக்குக் காவிரி, வைகை, தாமிரபரணி எல்லாம்.

மழையாக விழும்போது தண்ணீர் குழந்தையைப்போல் மென்மையாகத்தான் இருக்கிறது. மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் பாறையிலும் சுண்ணாம்பிலும் உள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்து எடுத்துக்கொள்கிறது. மனிதர்களும் அப்படித்தானே? உலகத்துக்குள் இறங்க இறங்க எதையாவது கரைத்து எடுத்துக்கொண்டு இறுகிப்போகிறோம். அந்தக் கால்சியம்தான் சோப்போடு சேர்ந்து திரிகிறது; பருப்பின் அணுச்சுவர்களை ஒட்டவைத்திருக்கும் பசையோடு சேர்ந்து அதை வேகவிடாமல் இறுக்குகிறது.

என் பாட்டி இரசாயனம் படித்தவள் அல்லள். ஆனாலும் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கடுமையில் ஒரு பகுதி அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். அந்தப் படிவத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்பதும் தெரியும். கொதித்தால் பிரிவது தற்காலிகக் கடினத்தன்மை, பிரியாதது நிரந்தரக் கடினத்தன்மை என்று பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயர்களைச் சொல்லிக்கொடுத்தார்கள். பாட்டியிடம் பெயர்கள் இல்லை; புளி இருந்தது.

நமக்குப் புளியைக்கொண்டு திருப்தியடையும் காலம் போய்விட்டது. ஒரு மாதத்துக்குள் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஆளுயர உருளை ஒன்றும் அதன் அருகில் உப்புத் தொட்டி ஒன்றும் வந்து நின்றன. சாஃப்ட்னர் என்றார்கள். அதைப் பொருத்திய இளைஞர் போகும்போது ஒரே ஒரு புத்திமதி சொன்னார்: "சார், உப்பை மட்டும் நிறுத்தாம போட்டுக்கிட்டே இருங்க. மத்ததெல்லாம் அது பாத்துக்கும்."

அது பார்த்துக்கொண்டது. சோப்பு நுரைத்தது. பருப்பு வெண்ணெயாகக் குழைந்தது. மகளின் கூந்தல் மறுபடியும் கூந்தலாயிற்று. வந்த விருந்தினர்களையெல்லாம் குளியலறைக்கு அழைத்துச் சென்று தண்ணீரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். புதிதாகக் கார் வாங்கியவனுக்கும் எனக்கும் வித்தியாசமே இல்லை.

ஆறு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அடுத்த வீட்டுப் பாட்டி வந்தாள். அந்தத் தெருவில் வீடுகள் வருவதற்கு முன்பே அங்கே இருந்தவள். அவள் வீட்டில் இன்னும் உறைக்கிணறு இருக்கிறது. மேலாக ஊறும் தண்ணீர். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் அவளுக்கு அதுதான்.

"தம்பி, ரெண்டு மாசமா கிணத்துத் தண்ணி கரிக்குது. ரசத்துக்கு உப்பே போட வேணாம்போல இருக்கு. நீங்க படிச்சவங்க. என்னன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

நான் தயங்காமல் பதில் சொன்னேன். "கோடைக்காலம் இல்லையா பாட்டி? நிலத்தடி நீர் இறங்கிப்போச்சு. ஒரு மழை பெஞ்சா சரியாயிடும்" என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு போனாள்.

நான் சொன்னது பொய்யா? கோடைக்காலம் என்பது உண்மை. நிலத்தடி நீர் இறங்கியிருந்ததும் உண்மை. இரண்டு உண்மைகளைச் சேர்த்து ஒரு பொய்யைக் கட்டமுடியும் என்பதைக் கதை எழுதுகிறவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. எழுந்து பின்கட்டுக்குப் போனேன். அந்த இயந்திரம் அப்போதுதான் தன்னைத்தானே கழுவிக்கொண்டிருந்தது. அதன் வயிற்றுக்குள் சின்னச் சின்னப் பிசின் மணிகள் இருக்கின்றன. அவை தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, பதிலுக்குத் தங்களிடமுள்ள சோடியத்தைக் கொடுக்கின்றன. ஒரு பண்டமாற்று. மணிகள் களைத்துப்போனதும் உப்புக் கரைசல் பாய்ந்து, பிடித்துவைத்த கால்சியத்தைக் கழற்றி விடுகிறது. மணிகள் மீண்டும் புதிதாகின்றன. கழற்றிய கால்சியம், மெக்னீசியம், மிஞ்சிய உப்பு எல்லாம் ஒரு குழாய் வழியே வெளியேறுகின்றன.

எங்கே போகின்றன? எங்கள் பகுதியில் பாதாளச் சாக்கடை இல்லை. அந்தக் குழாய் உறிஞ்சு குழிக்குப் போகிறது. உறிஞ்சு குழிக்கும் பாட்டியின் கிணற்றுக்கும் இடையே ஒரு மதில் சுவர். இருபது அடி மண். மாதம் ஒரு மூட்டை, இருபத்தைந்து கிலோ. ஆறு மாதத்துக்கு நூற்றைம்பது கிலோ உப்பை என் கையாலேயே அந்தத் தொட்டியில் கொட்டியிருக்கிறேன். அதில் சோடியத்தில் ஒரு பகுதி எங்கள் வீட்டுத் தண்ணீரோடு வந்து, நாங்கள் குளித்த பிறகு அதே குழிக்குப் போயிற்று. மற்றது நேராகவே போயிற்று. உப்பிலுள்ள குளோரைடை மண் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. தண்ணீர் போகிற இடத்துக்கெல்லாம் அதுவும் கூடவே போகும். ஒரு கிராம்கூட உலகத்தைவிட்டு மறையவில்லை. மறைந்தது என் கண்ணிலிருந்து மட்டும்தான்.

இங்கே என் மனம் வக்கீலாக மாறியது. கிணறு கரித்ததற்கு என் உப்புதான் காரணம் என்று நிரூபிக்க முடியுமா? தெருவில் எத்தனையோ வீடுகள். எத்தனையோ ஆழ்துளைக் கிணறுகள். கோடை வேறு. நியாயமான வாதந்தான். ஆனால், நிரூபிக்க முடியாது என்பதற்கும் நான் செய்யவில்லை என்பதற்கும் இடையே இருக்கும் தூரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாதா? பலர் சேர்ந்து செய்கிற குற்றத்தில் ஒவ்வொருவனும் தன் பங்கு அற்பம் என்று சொல்லலாம். எல்லோருடைய அற்பங்களும் சேர்ந்த தண்ணீரைத்தான் ஒரு கிழவி குடிக்கிறாள்.

தூய்மை என்று நாம் சொல்லுவதெல்லாம் பெரும்பாலும் இடமாற்றம்தான். வீட்டைப் பெருக்கித் தெருவில் தள்ளுகிறோம். தெருவைப் பெருக்கி ஊர் எல்லையில் கொட்டுகிறோம். ஊர் எல்லையிலும் யாரோ குடியிருக்கிறார்கள். 'இது அசுத்தம்' என்று விலக்குவதில் காட்டும் கவனத்தில் நூற்றில் ஒரு பங்கைக்கூட, விலக்கியது யார் தலையில் போய் விழுகிறது என்று பார்ப்பதில் நாம் காட்டுவதில்லை.

நம் தேசத்தின் சரித்திரத்தில் இதற்குக் கொடுமையான உதாரணம் ஒன்று உண்டு. அதுவும் தண்ணீரைப் பற்றியதுதான். 1927ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மஹாட் என்ற ஊரில், பொதுக்குளமான சவதார் குளத்துத் தண்ணீரை டாக்டர் அம்பேத்கரும் அவரோடு சென்றவர்களும் அள்ளிக் குடித்தார்கள். பிறகு அவ்வூரின் மேல்சாதியினர் சிலர், கோமயமும் பாலும் தயிரும் குளத்தில் விட்டு அதைச் 'சுத்தம்' செய்தார்கள். அந்தச் சடங்கு தண்ணீரிலிருந்து எதை நீக்கியது? ஒன்றையும் நீக்கவில்லை. ஆனால், அதன் கழிவு எங்கே போய்ச் சேர்ந்தது என்பது தெரியும். லட்சக்கணக்கான மனிதர்களின் நெஞ்சில் அவமானமாகப் போய்ச் சேர்ந்தது. என் பின்கட்டு இயந்திரத்தை அந்தக் கொடுமையோடு சமமாக வைக்கவில்லை. 'நான் சுத்தமாக வேண்டும். மற்றதை யாராவது சுமக்கட்டும்' என்ற நினைப்பு இரண்டுக்கும் தூரத்து உறவு என்று மட்டுமே சொல்லுகிறேன்.

அப்படியானால் இயந்திரங்களே கூடாதா? அப்படிச் சொல்ல நான் யார்? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெட்டுத் துன்பப்பட்டவர்களிடம் போய் 'இயற்கைத் தண்ணீரைக் குடியுங்கள்' என்று உபதேசம் செய்வது பாவம். அங்கே நல்ல தண்ணீர் சௌகரியம் அல்ல, உயிர்த் தேவை. அதற்கு விடையாக 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வழியாகக் காவிரி நீர் அந்த மாவட்டங்களுக்கு வந்தது. அந்த விடை ஒரு வீட்டின் விடை அல்ல. ஊர் முழுவதற்குமான விடை.

என் நிலை வேறு. கடின நீர் குடித்தால் உடம்புக்கு ஆகாது என்று நாம் நடுங்குகிறோம். ஆனால், உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நலத்தை ஒட்டிய எல்லை எதையும் வகுக்கவில்லை. நம் நாட்டுத் தர நிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்றது என்றும், வேறு தண்ணீர் இல்லாதபோது 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லுகிறது. எங்கள் தண்ணீர் அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது. அதாவது, என் தேவை நுரை. பாட்டியின் தேவை தண்ணீர். நுரைக்காகத் தண்ணீரைக் கெடுத்திருந்தேன்.

சமையலறைச் சுவரில் மாட்டும் ஆர்.ஓ. இயந்திரத்துக்கும் இதே கேள்வி உண்டு. பல வீடுகளில் அது ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் கொடுப்பதற்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாக வெளியே தள்ளுகிறது. கரைந்த உப்புக்களின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும் இடங்களில் அவற்றைத் தடைசெய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் உத்தரவிட்டது. தேவையில்லாத தூய்மையும் ஒருவகை ஊதாரித்தனம் என்பதே அதன் பொருள் என்று நான் எடுத்துக்கொள்ளுகிறேன்.

மறுநாள் காலையில் பாட்டி வீட்டுக்குப் போனேன். இயந்திரம், உப்பு, குழி எல்லாவற்றையும் சொன்னேன். நேற்றுச் சொன்னது முழு உண்மை அல்ல என்பதையும் சொன்னேன். அவள் கோபிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அல்லது, 'பரவாயில்லை தம்பி' என்று மன்னிப்பாள் என்று எதிர்பார்த்தேன். எழுத்தாளன் மனம் இந்த இரண்டு முடிவுகளைத்தான் தயாராக வைத்திருந்தது. அவள் இரண்டையும் செய்யவில்லை.

"அப்படியா?" என்றாள். பிறகு, "சரி, இந்தத் தண்ணி எப்போ பழையபடி ஆகும்?" என்று கேட்டாள்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உண்மையை ஒப்புக்கொண்டதும் என் நெஞ்சு தெளிந்துவிட்டது. அவள் கிணறு தெளியவில்லை. மன்னிப்புக் கேட்பதும்கூடச் சில சமயம் நம் அழுக்கை நாம் கழுவிக்கொள்ளும் காரியமாகவே முடிந்துவிடுகிறது.

வீட்டுக்கு வந்து இயந்திரத்தை நிறுத்தினேன். மழைநீர்ச் சேகரிப்புக் குழி எங்கள் வீட்டிலும் இருந்தது. 2003இல் தமிழ்நாடு முழுவதும் கட்டாயமாக்கப்பட்ட பிறகு எல்லா வீடுகளிலும் இருப்பதுபோல், சட்டத்துக்காக இருந்தது. உள்ளே கட்டடக் குப்பை நிறைந்திருந்தது. அதைத் தூர்வாரினோம். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறத்தாழ 2,300 லிட்டர் மென்மையான நீர், உப்பு ஒரு பிடிகூடக் கேட்காமல் வந்து இறங்குகிறது. மணலும் சரளையும் போட்டு வடிகட்டி, பாட்டியின் சம்மதத்தோடு, மாடிக்குழாயின் ஒரு கிளையை அவள் கிணற்றுக்கு விட்டேன்.

தர்மம் செய்துவிட்ட பெருமையோடு அன்று சாப்பிட உட்கார்ந்தேன். பருப்பு பழையபடி விறைத்திருந்தது.

"உங்க மனச்சாட்சிக்காக நான் ராத்திரியே பருப்பை ஊறவைக்கணும். குழாயெல்லாம் நான் தேய்க்கணும். அப்படித்தானே?" என்றாள் மனைவி.

சுரீரென்றது. உப்பை மதிலுக்கு அப்பால் தள்ளியவன், இப்போது மனச்சாட்சியின் கழிவைச் சமையலறைக்குள் தள்ளியிருந்தேன். எத்தனை உத்தமர்களின் உத்தமத்தன்மை அவரவர் வீட்டுப் பெண்களின் முதுகில் ஏறி நின்றிருக்கிறதோ!

இப்போது வீட்டில் பருப்பை ஊறவைப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எலுமிச்சம்பழ மூடியும் கையுமாகக் குழாய்களைத் தேய்ப்பதும் நான்தான். பாட்டியின் புளியைவிட அது மோசமில்லை.

ஒரு மழைக்காலம் போயிற்று. சென்ற வாரம் பாட்டியிடம் கிணற்றைப் பற்றி விசாரித்தேன். ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "முன்னைக்குப் பரவாயில்லை தம்பி. இன்னும் கொஞ்சம் கரிக்கத்தான் செய்யுது" என்றாள்.

அந்தச் செம்பை என்னிடம் நீட்டினாள். நானும் குடித்தேன்.