பத்துமலையில் பாய் விரித்தவர்கள்

தைப்பூசத்தை ஒட்டி ஜாலான் துன் எச். எஸ். லீ மகாமாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும். அதோடு விடிய விடிய நடப்பவர்கள் பத்துமலையை நெருங்கும்போது ஓர் எல்லையைக் கடக்கிறார்கள். 1974இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானபோது மலை சிலாங்கூர் பக்கம் நின்றுவிட்டது. நடப்பவர் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. பந்தலோரம் பாய் விரித்ததும் பக்கத்துப் பாய்க்காரரிடம் கேட்பது, "எந்த ஊரு?"

கிள்ளானிலிருந்து வந்த குடும்பத்துக்கு அருகே, பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையொன்றில் வேலை செய்யும் புதுக்கோட்டை இளைஞன் ஒருவன் படுத்திருக்கலாம். புளிச்சோற்றுப் பொட்டலம் கைமாறும். அவன் "அக்கா" என்பான், இவர்கள் "தம்பி" என்பார்கள். பேச்சுவாக்கில் சொல்லியும் விடுவான்: பாஸ்போர்ட் முதலாளியிடம், பெர்மிட் முடிந்துவிட்டது. கேட்டவர்களுக்கு இனி என்ன கடமை?

எதுவுமில்லை என்பவர்களின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. வழித்துணை வழியோடு முடியும் என்பதால்தான் அங்கே மனம் திறக்கிறார்கள். தவிர, பெர்மிட் இல்லாதவருக்கு அடைக்கலம் தருவது குடிநுழைவுச் சட்டப்படி குற்றம். பிள்ளைகுட்டிக்காரரை அந்த ஆபத்தில் தள்ள யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் அடைக்கலம் தராமலே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. பிறர் பாஸ்போர்ட்டை அதிகாரமின்றிப் பிடித்து வைப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டத்தின்படி குற்றம். அது அவனுக்குத் தெரிந்திருக்காது, சொல்லலாம். இந்தியத் தூதரகத்துக்கு வழி காட்டலாம். அடுத்த வாரம் அதே கடையில் அவன் தே தாரே கொண்டுவந்து வைக்கும்போது கைபேசிக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளாமல் இருக்கலாம். உதவ முடியாமல் போவது மன்னிக்கத் தக்கது. தெரியாதவர் போல் இருப்பது அப்படியல்ல. அவன் கதையைக் கேட்டது அவர்கள்தானே.

இங்குள்ள தமிழர்களுக்கு இது புதிய துயரமும் அல்ல. போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கித் தோட்டம் புகுந்தவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, ரப்பர் காட்டில் உழைத்துத் தேய்ந்த ஆயிரக்கணக்கானோர் கப்பலேறித் திரும்பினார்கள். ஆயினும் ரத்த உறவை அடிப்படையாக்கினால் கடமை சுருங்கிப்போகும். பக்கத்துப் பாயில் நேப்பாளி படுத்திருந்தால்? தமிழே பேசாத அவருக்கும் அதே கடன்தான்.

இதைவிடக் கடினமானது ஒன்று உண்டு. பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்திருக்கும் முதலாளியும் அதே ரதத்தோடு நடந்திருக்கலாம், வழியில் தண்ணீர்ப் பந்தலும் போட்டிருக்கலாம். அவரும் வழித்துணைதான். "அண்ணே, தம்பியோட பாஸ்போர்ட்டக் குடுத்துடுங்க" என்று அவரிடம் சொல்லத் துணிய வேண்டும். அதற்கும் முன்னால் தம்பியிடம் கேட்க வேண்டும். பேசப்போவது இவர்கள், வேலை போனால் போவது அவனுக்கு.