நாள் எண்ணுதலும் தலைமையும்



தசலட்சண பர்வத்தில் பாத்ரபத மாதச் சுக்கில பஞ்சமி தொடங்கிச் சதுர்த்தசி ஈறாகப் பத்து நாளும், நாளுக்கு ஓர் அறமாக எண்ணி வழிபடுவது நம் மரபு. இவ்வாறு நாளெண்ணி உள்ளத்தைத் திருத்திக்கொள்வோர் நாம் மட்டுமல்லர். யாம் வாழும் இராயபுரத்துக்குத் தெற்கே பவழக்காரத் தெரு இருக்கின்றதன்றோ? கம்பெனியார் காலத்தில் பவழம் கொணர்ந்து வைரம் கொண்டு சென்ற யூத வணிகர்கள் சென்னையில் வாழ்ந்தனர். 1688இல் அமைந்த நகராண்மைக் கழகத்தின் ஆல்டர்மென்களுள் அவர்களும் இருந்தனர்.

யூத மக்கள் பாஸ்கா பண்டிகையின் இரண்டாம் இரவு முதல் 49 நாள்களை, இரவுதோறும் வாய்விட்டு எண்ணுவர். 'ஓமர்' எண்ணுதல் என்பது அதன் பெயர். ஏழு வாரங்கட்கும் அவர்தம் மெய்ஞ்ஞானியர் ஏழு பண்புகளை வகுத்தனர். முதல் வாரம் அன்பு, அடுத்தது கட்டுப்பாடு, இறுதி வாரம் ஆட்சி. ஆட்சியைக் கடைசியில் வைத்தது எம்மைச் சிந்திக்கச் செய்தது. அதற்கெனச் சொந்தமாக ஒன்றுமில்லை, மேலிருந்து பெற்றதையே அது வழங்குகின்றது என்றும் அவர்கள் கூறுவர். ரபி அகிவாவின் சீடர் 24,000 பேர் ஒருவரையொருவர் மதியாமையால் மாண்டனர் எனத் தல்மூத் கூறும். ஆதலின் இந்நாள்களின் ஒரு பகுதியில் திருமணமும் தவிர்ப்பர்.

மதியாமை கற்றவரிடையே தோன்றியது என்பதைக் கவனிக்க வேண்டும். சமந்தபத்திரர் இரத்தின கரண்டகத்தில் எட்டுச் செருக்குகளை எண்ணும்போது அறிவுச் செருக்கையே முதலில் வைத்தார். நம் பர்வத்தின் இரண்டாம் நாளாகிய உத்தம மார்தவம் அதனைக் களையவே அமைந்தது. அந்நாள் வரும்போதெல்லாம் எமக்கு ஒரு நினைவு உறுத்தும். ஆசிரியப் பயிற்சி மாணவியர் பாடம் நடத்துவதை மேற்பார்வையிடத் திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்குச் சென்றிருந்தோம். கணக்கில் சிறு பிழை செய்த ஒரு பெண்ணின் கையிலிருந்து, குழந்தைகள் பார்த்திருக்கவே, சாக்குக்கட்டியை வாங்கி யாமே எழுதினோம். விடை சரியாயிற்று. அப்பெண் அதன்பின் அவ்வகுப்பில் தலை நிமிரவில்லை. மன்னிப்புக் கேட்க எமக்குத் தோன்றவுமில்லை.

பஞ்ச நமஸ்காரத்தில் மூன்றாவதாக ஆசாரியரை வணங்குகின்றோம். அவ்வளவு உயர்ந்த பதவியை எவ்வாறு விடுவது என்பதைப் 'பகவதி ஆராதனை' விரித்துரைக்கின்றது. சல்லேகனை ஏற்கும் ஆசாரியர் தம் கணத்தைத் தக்க சீடரிடம் ஒப்படைத்து, அனைவரிடமும் மன்னிப்பு வேண்டி, வேறொரு கணத்துக்குச் சென்றுவிடுவார். சொந்தக் கணத்திலேயே இருந்தால், தம் சொல்லை எவரேனும் மீறும்போது சினம் எழும். பழகிய சீடர்மேல் பற்றும் எழும். எத்துணை நுட்பமாக மனித மனத்தை அறிந்திருக்கின்றனர்! 1955இல் குந்தல்கிரியில் சல்லேகனை ஏற்ற ஆசாரியர் சாந்திசாகரரும் உயிர் நீங்குமுன்பே ஆசாரிய பதவியை வீரசாகரருக்கு அளித்துவிட்டார்.

நாமோ ஒரு சங்கத்தின் செயலாளர் பதவியைக்கூட எளிதில் விடுவதில்லை. பிறரைச் சொல்வானேன்? எம் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் குழந்தைகட்கு நெறி வகுப்பு நடத்தி வருகின்றோம். எம்மிடமே பயின்ற ஓர் இளம்பெண், "அம்மா, இனி நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் ஓய்வெடுங்கள்" என்று மும்முறை கேட்டுவிட்டாள். அவளுக்குப் பிராகிருத உச்சரிப்புப் போதாது என்று மறுத்து வந்தோம். உண்மைக் காரணம் அதுவன்று.

மாடியிலிருந்து நோக்கினால் துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் தெரியும். வெளியேறும் கப்பலைத் துறை கடத்தி விடும் பைலட், பணி முடிந்ததும் ஏணி வழியே தம் படகில் இறங்கித் திரும்பிவிடுவார். கப்பல் தன்வழி செல்லும்.

வருகைப் பதிவேட்டையும் நூல் அலமாரியின் சாவியையும் மார்தவ நாளன்று ஒப்படைப்பதாக அவளிடம் கூறியுள்ளோம். அதன்பின் ஞாயிறுகளில் மாடிக்குப் போகாமலிருக்க வேண்டும். அதுதான் எமக்குக் கடினமாக இருக்கும்.