அடுப்பு, அம்மி, ஏசி

சென்னையில் ஒரு படுக்கையறைக்கு ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி மாட்ட நினைக்கும் குடும்பங்கள் போடும் கணக்கு ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருக்கிறது. நட்சத்திரத் தகுதியைப் பொறுத்து இயந்திரத்துக்கு 35,000 முதல் 50,000 ரூபாய். சுவரைத் துளைக்க, வெளி யூனிட்டுக்கு ஸ்டாண்டு அடிக்க, கூடுதல் காப்பர் பைப் வாங்க, தனி ஒயரும் எம்சிபியும் போட, வேண்டுமானால் ஸ்டெபிலைசர் வைக்க என்று மேலும் சில ஆயிரங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததும், தயங்கிக்கொண்டிருந்த பலருக்கு இது கைக்கெட்டும் பொருளாகிவிட்டது. அப்புறம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஈபி பில்: 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறும் என்பதால் அதையும் யோசித்துத்தான் முடிவெடுக்கிறார்கள். இவ்வளவு கவனமாகப் போடும் கணக்கில் ஒரு வரி விட்டுப்போகிறது. அந்த வரி பணத்தில் எழுதக்கூடியதல்ல, அறத்தில் எழுத வேண்டியது. தன் உடலின் வேதனையை இன்னொருவர் பக்கம் தள்ளித்தான் ஒரு சுகத்தைப் பெற முடியும் என்றால், இல்லறத்தில் இருப்பவர் அதை எந்த நியாயத்தில் வாங்கலாம்?

தள்ளுவது என்று சொல்வதில் மிகை எதுவும் இல்லை. ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. அறையின் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. ஒன்றரை டன் இயந்திரம் முழு வேகத்தில் ஓடும்போது அறையிலிருந்து சுமார் 5.3 கிலோவாட் வெப்பத்தை இழுக்கிறது. அதற்காகச் செலவிடும் ஒன்றரை கிலோவாட் மின்சாரமும் வெப்பமாகி அதனோடு சேர்ந்து வெளியேறுகிறது. ஆறேழு இஸ்திரிப் பெட்டிகளை ஒன்றாகச் சூடேற்றி ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடிப்பதற்குச் சமம் இது. அறைக்குள் இருந்த வெப்பம் வெளியிலிருந்து வந்ததுதானே, வந்த இடத்துக்கே திரும்புகிறது என்று கேட்கலாம். பாதி சரி. ஆனால் பகலெல்லாம் கான்கிரீட் குடித்த வெயில், ஊர் சற்றே ஆற வேண்டிய இரவில், நான்கடிச் சந்து ஒன்றில் குவிந்து இறங்குகிறது. மின்சாரம் தந்த வெப்பமோ முழுக்கப் புதியது. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரம் பற்றி 2014இல் வெளியான ஆய்வு, அங்கே ஏசிகள் கக்கும் வெப்பம் இரவு நேரக் காற்றை ஒரு டிகிரிக்கும் மேல் சூடாக்குவதாகக் கணக்கிட்டது. நம் சந்துகளில் இதன் பொருள் எளிது. எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துகிறார். சாத்திய அறையில் படுக்க முடியாமல் அவரும் ஏசி வாங்குகிறார். அவர் கொட்டுவது அடுத்த வீட்டுக்குப் போகிறது. வாங்க வழியில்லாத ஒருவர் வீட்டில்தான் இந்த வரிசை முடிகிறது. அவர் தன் தூக்கத்தைக் கொடுத்து ஈடுகட்டுகிறார்.

இப்படியொரு சிக்கலை நம் மரபு ஏற்கெனவே சந்தித்திருக்கிறது. இல்லறத்தான் வீட்டில் ஐந்து கொலைக்களங்கள் உண்டு என்கிறது மனு தர்ம நூல்: அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், தண்ணீர்க் குடம். தெரிந்தும் தெரியாமலும் சிற்றுயிர்கள் மடியும் இடங்கள் இவை. அந்த நூலின் சாதி விதிகளை முற்றாக நிராகரிப்பவன் நான். ஆனால் இந்த ஒரு கவனிப்பில் இருக்கும் நேர்மையைத் தள்ள முடியவில்லை. அடுப்பை அணைத்துவிடு என்று அது சொல்லவில்லை. அடுப்பில் குற்றமே இல்லை என்றும் சொல்லவில்லை. நீ வாழ்வதாலேயே கேடு நேர்கிறது, ஆகவே நாள்தோறும் ஐந்து கடமைகளைச் செய் என்கிறது. ஓதுதல், முன்னோருக்கும் தெய்வத்துக்கும் செய்வன, பிற உயிர்களுக்கு உணவிடுதல், விருந்தோம்பல் ஆகியவை அவை. தவிர்க்க முடியாத தீங்கைப் பாவமென்று தலையில் சுமத்தாமல், தீர்க்க வேண்டிய கடனாக அது வைக்கிறது. ஏசி இந்த வரிசையில் ஆறாவது. அதை மாட்டுபவர் பாவி அல்லர், கடன்பட்டவர். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். ஆனால் இதை ஒப்புக்கொண்டால் செய்ய வேண்டியவை நிறைய.

துறவின் பக்கம் நிற்பவர்கள் முதலில் மறுப்பார்கள். வெப்பத்தைத் தாங்கப் பழகுவதல்லவா ஆன்மிகம், நாவுக்கரசர் சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் அடைக்கப்பட்டும் இறைவன் திருவடி நிழலில் குளிர்ச்சியை உணர்ந்தாரே என்பார்கள். பெரிய புராணத்தை இன்னும் கொஞ்சம் படிக்க வேண்டும். அதே நாவுக்கரசரை நேரில் பார்க்கும் முன்பே அவர்மீது அன்பு கொண்ட திங்களூர் அப்பூதி அடிகள், அவர் பெயரால் அமைத்தது தண்ணீர்ப் பந்தல். காளவாயைத் தாங்கியவரின் பெயரை வைத்துக்கொண்டு, வழிப்போக்கரிடம் நீயும் தாங்கு என்று அவர் சொல்லவில்லை. நிழலும் நீரும் கொடுத்தார். தன் வெப்பத்தைத் தாங்குவது தவம். பிறரைத் தாங்கச் சொல்வது தவமாகாது. வெப்பம் கொல்லும் என்பதும் உண்மை. 2024இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. காற்றில் ஈரம் மிகுந்த கடலோர ஊரில் வியர்வை உலராது. முதியவருக்கும் இதய நோயாளிக்கும் கைக்குழந்தைக்கும் குளிர்ந்த அறை மருந்துக்கு நிகர். அந்த அறையை அமைப்பவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் எந்தச் சமயமும் எனக்கு வேண்டாம்.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. விலை கொடுத்தேன், வரி கட்டினேன், யூனிட்டுக்கு யூனிட் பணம் செலுத்துகிறேன், இதில் கடன் எங்கே மிச்சம்? பணம் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று பார்த்தால் விடை கிடைக்கும். கடைக்காரருக்கும் அரசுக்கும் மின்வாரியத்துக்கும் போயிற்று. எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கொசஸ்தலை ஆற்றில் மீன் பிடித்து வாழ்ந்தவர்களுக்கு அதில் ஒரு பங்கும் போகவில்லை. எதிர்வீட்டுக்காரருக்கும் போகவில்லை. சந்தை தான் விற்றதற்கு மட்டுமே ரசீது தரும். விற்பனையில் கலந்துகொள்ளாதவர் அடைந்த நட்டத்தை அந்த ரசீது தீர்க்காது. திருக்குறளில் இன்னா செய்யாமை துறவறவியலில் இருக்கிறது, ஒப்புரவறிதல் இல்லறவியலில் இருக்கிறது. யாருக்கும் எந்தத் தீங்கும் நேராத வாழ்வு துறவியின் இலக்காக இருக்கலாம். ஊரோடு கணக்கைச் சரிசெய்துகொண்டு வாழ்வது குடும்பத்தாரின் அன்றாட வேலை என்றுதான் இந்த வைப்புமுறையை நான் படிக்கிறேன்.

அந்த வேலை ஏசி மாட்டும் நாளிலேயே தொடங்குகிறது. பைப்புகளை இணைத்த பிறகு வேக்குவம் பம்ப் போட்டு, கால் மணி நேரமாவது ஓடவிட்டு, உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். கோடை நெருக்கடியில், ஒரே நாளில் பல வீடுகளுக்கு ஓட வேண்டிய மெக்கானிக் சில சமயம் பம்பை எடுக்காமல், வால்வைச் சற்றே திறந்து கேஸை வைத்தே காற்றை வெளியே தள்ளிவிடுவதுண்டு. இன்று பரவலாக இருக்கும் ஆர்-32 கேஸ் ஒரு கிலோ காற்றில் கலந்தால், நூறாண்டுக் கணக்கில் அது 675 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். பம்ப் போடுங்கள் என்று கேட்பதும், அதற்கான நேரத்தையும் கூலியையும் மனமுவந்து தருவதும் வீட்டுக்காரர் செய்ய வேண்டியவை. மூன்றாம் மாடியில் சன்ஷேடின் மேல் நின்று வெளி யூனிட்டைத் தூக்கி வைப்பவர் இடுப்பில் பெல்ட் இல்லாவிட்டால் வேலையை நிறுத்தச் சொல்வதும் அப்படித்தான். வீட்டுக்குள்ளும் ஒரு பாக்கி உண்டு. குளிர்வது படுக்கையறை, சமையலறையில் நிற்பவர் கத்திரி வெயிலில் அடுப்போடு அடுப்பாக வேகிறார். பெரும்பாலும் அவர் ஒரு பெண். கூரைக்கு வெள்ளைப் பூச்சு, சமையலறைக்கு நல்ல எக்ஸாஸ்ட் ஃபேன், வேலைக்கு வருபவர் அரை மணி நேரம் அந்தக் குளிர்ந்த அறையில் உட்கார இடம் ஆகியவை அந்த முதல் மதிப்பீட்டிலேயே இருந்திருக்க வேண்டும்.

என் ஒரு ஏசியால் உலகம் என்ன ஆகிவிடும், இதெல்லாம் அரசு பார்க்க வேண்டியதல்லவா என்பது கடைசி மறுப்பு. அரசு பார்க்கத்தான் வேண்டும். ஓரளவு பார்த்தும் இருக்கிறது. குளிரூட்டும் வாயுக்களைக் குறைக்கும் கிகாலி திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றது. நட்சத்திர முத்திரை பெறும் அறை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்பது 2020 முதல் விதி. ஆனால் அதை 18க்கு இறக்கும் ரிமோட் வீட்டில் இருப்பவர் கையில். ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சம். சமண மரபில் துறவி எதையும் உடைமையாகக் கொள்வதில்லை. இல்லறத்தார் தமக்கு இவ்வளவு போதும் என்று முன்கூட்டியே ஓர் எல்லையை வகுத்துக்கொள்கிறார். 26 டிகிரியும் மேலே ஒரு மின்விசிறியும் அப்படிப்பட்ட எல்லைதான். சந்தின் வெப்பத்துக்கு அரசாணை வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. புதிதாக மாட்டும் வெளி யூனிட்டுகள் எதிர்வீட்டு ஜன்னலைப் பார்க்கக் கூடாது, பைப் நீளம் அனுமதிக்கும் தளங்களில் மொட்டை மாடிக்கே போக வேண்டும் என்று அடுக்ககச் சங்கம் ஒரு தீர்மானம் போடலாம். கூடுதல் காப்பர் பைப்புக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். அதை ஏசி வாங்குபவர்தான் கொடுக்க வேண்டும்.