மரியாதையாப் பேசுன்னா

கல்லறைத் தோட்டத்தில் நடுச்சுவர் எதுக்குன்னு கேட்டேன். "மறுத்துப் பேசு, ஆனா மரியாதையாப் பேசு" என்றார் பங்குச்சாமி. கைகட்டித்தான் கேட்டேன். அந்தக் கைகட்டு எங்க தாத்தாவுக்குப் பண்ணை பழக்கியது. அதை மரியாதைன்னு சொல்லக் கூசுது.

அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு உண்பதைப் பேதுரு விட்டு விலகியபோது, பவுல் எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே எதிர்த்தார். விவகாரம் பந்திதான். அதுக்காகப் பேதுருவைத் திருத்தூதர் இல்லையென்று சொல்லவில்லை.

1950இன் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியலுக்கு வெளியே வைத்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திருத்தினார்கள், நமக்கில்லை. தில்லிக்குப் போகும் மனுவில் 'சபைக்குள்ளும் சாதி இருக்கு' என்று இதே சாமிதான் கையெழுத்துப் போடுகிறார். சுவர்கிட்ட வந்தா, "சாதி எங்கப்பா இருக்கு?"

போன ஞாயிறு இதைக் கேட்டேன். கையைக் கட்டல. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். பதில் இன்னும் வரல.